தண்ணீர் வற்றிய ஏரியில் படகு விட்டேன்

படகு வாடகைக்கு விடும் தொழிலுக்குப் படகு மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். இது என் முதலாளிக்கு மட்டும் தெரியாது. முதலாளி வாய்த்த சக பாவிகளே, கேளுங்கள். செலாயாங் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு பழைய அணை இருக்கிறது. கோலாலம்பூருக்கு மின்சாரம் அனுப்புவது. அணையின் ஏரிக்கரையில் பூந்தோட்டம், அதில் எங்கள் படகுத்துறை. பள்ளிக்கூடத்தை விட்டு நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே, அணையைப் பழுதுபார்க்க ஏரியைக் காலி பண்ணப் போகிறோம் என்றார்கள் அணைக்காரர்கள்.

"தீபாவளிக்குள்ள தண்ணி ஏறலேன்னா படகையெல்லாம் கிள்ளான் மீன்காரனுக்கு வித்துடுவேன். நீயும் வீட்டுக்குக் கெளம்பு" என்றார் முதலாளி முத்தையா அண்ணே. வீடு கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில். வேலை போனால் மறுபடி பள்ளிக்கூடம், அதுவும் தம்பி படிக்கும் வகுப்பில், தம்பி பக்கத்திலேயே என்று ரயில்வே கார்டான என் அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார். எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

கதவு திறந்த அன்று

அணையின் இரும்புக் கதவு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கூலி ஆட்கள் சங்கிலி போட்டு இழுத்தார்கள், அசையவில்லை. இன்னும் நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கொஞ்சமாகத் திறக்க வேண்டிய கதவு ஒரேயடியாக மேலே போய்விட்டது!

அணைக்குக் கீழேயும் தோட்டம்தான். தண்ணீர் பாய்ந்து வந்ததில் பெஞ்சுகள் மிதந்தன. ரோஜாச்செடிகள் தலை முழுகின. தோட்டத்தில் பேண்டு வாசிக்க வந்தவர்கள் பெரிய மேளத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். தோட்டக்காரர் காளிமுத்து மட்டும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி அணையைப் பார்த்துக் கத்தினார்: "காலையிலதான்டா எல்லாச் செடிக்கும் வாளி வாளியா ஊத்தினேன், முன்னாடியே சொல்றதுக்கென்ன!"

சேற்றில் ஒரு கிராணி

ஏரி வற்றியதும் மீன் துள்ளியது. கம்பம் என்னும் மலாய்க் கிராமத்து ஆட்கள், சீனர்கள், நம்மாட்கள் என்று கூடையோடு ஊரே இறங்கிவிட்டது. பூங்காவில் காற்று வாங்க வந்த, ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணிக்கும் ஆசை விடவில்லை. கோட்டு, டை, காலில் பளபளக்கும் சப்பாத்து எல்லாவற்றோடும் இறங்கி, குடையாலேயே ஒரு மீனை அமுக்கிப் பிடித்துவிட்டார். பிடித்ததும் தொடை வரை புதைந்துபோனார்.

நான் படகுக் கயிற்றை வீசினேன். அதைப் பிடிக்க அவருக்குக் கை வேண்டுமே! இரண்டு கையிலும் மீன். "அதை விட்டுட்டுக் கயித்தப் பிடிங்க சார்!" என்று தொண்டை வற்றக் கத்தினேன். அவர் என்னை முறைத்தார். "தம்பி, மொதல்ல மீனை வாங்கு. அப்புறம் என்னைத் தூக்கு."

கல்யாணப் படகு

கிள்ளானிலிருந்து ஒரு புதுமாப்பிள்ளை, பெண்டாட்டி, மாமியார், கூடவே ஒரு போட்டோக்காரர் வந்தார்கள். படகில் போகிற மாதிரி படம் வேண்டுமாம். சேற்றைக் காட்டினேன். அடிப்பாகம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார் போட்டோக்காரர். அட, அப்படியானால் சரி! காய்ந்த சேற்றில் குந்தியிருந்த படகில் ஜோடியை ஏற்றினேன்.

மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. துடுப்பைக் கையில் வாங்கியதும் அவருக்கு வீரம் வந்துவிட்டது. வெறும் காற்றில் வேக வேகமாகத் துழாவினார். நான் பின்னால் குனிந்து படகை ஆட்டிக்கொண்டிருந்தேன். பெண் பயந்துபோய்ப் பலகையை இறுகப் பிடித்தாள். கரையில் நின்ற மாமியாருக்கோ முகமெல்லாம் வேர்த்துவிட்டது: "மாப்பிள்ளே, போதும், ரொம்ப ஆழத்துக்குப் போகாதீங்க!"

தேங்காய் செய்த வேலை

ஒருவழியாகப் புதுக் கதவு மாட்டினார்கள். முனியாண்டிக்குத் தேங்காய் உடைக்காமல் அதை இறக்க மாட்டோம் என்று கூலி ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அணை வேலையை நடத்தும் வெள்ளைக்காரத் துரையும் சரி என்றார். கரையில் உடைத்திருந்தால் வம்பில்லை. புது லோரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற மாதிரி, தேங்காய்களைக் கதவுக்கு அடியிலேயே வைத்தார் கூலி ஆட்களை மேய்க்கும் மண்டோர் வீராசாமி. கதவு இறங்கியது. படார்! ஒரே கைதட்டல். நானும் தட்டினேன், வெட்கமில்லாமல்.

தண்ணீர்தான் ஏறவில்லை. வருவதெல்லாம் கதவடியில் ஒழுகியது. தீபாவளிக்குப் பலகாரம் சுடுகிற வாசனை கூலி ஆட்களின் வீடுகளிலிருந்து வர ஆரம்பித்துவிட்டது, ஏரியிலோ கணுக்கால் தண்ணீர். தம்பியின் இளிப்பு கண் முன்னால் வந்து நின்றது. அணைக்கு ஓடிப்போய், "என்னதான் கட்டினீங்க?" என்று கத்தினேன். துரை அணையின் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஓர் ஆள் கடப்பாரையை விட்டுக் குடைந்ததும் நாரும் ஓடுமாகத் தேங்காய் வெளியே வந்தது. துரை முகம் சிவந்து மண்டோரைப் பார்த்தார். மண்டோர் அசரவில்லை: "சாமி அவர் பங்கை எடுக்கறதுக்குள்ள நீங்கதானே தொரை அவசரப்பட்டு எறக்கிட்டீங்க!"

ஏரி நிறைந்தது

கதவு இப்போது ஒட்டி உட்கார்ந்தது, இரவெல்லாம் மழை. விடிந்து பார்த்தால் படகுகள் ஆடிக்கொண்டிருந்தன, நான் ஆட்டாமலே! துள்ளிக் குதித்தேன். காளிமுத்துவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். மறுநாள் தீபாவளி, தம்பிக்கு அல்வாதான்!

முத்தையா அண்ணே வந்து தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முதுகில் ஓங்கித் தட்டினார். "வேலை உனக்குத்தான்டா. நாளைக்குக் கூட்டம் அள்ளும். எவனாச்சும் உள்ளே விழுந்தா நீதான் குதிச்சுத் தூக்கணும். நீச்சல் தெரியும்ல?"

தொட்டித் தண்ணீரைத் தவிர வேறெதிலும் இறங்கியறியாத நான் பலமாகத் தலையாட்டிவைத்தேன். வேலை பிழைத்துவிட்டது, சக பாவிகளே, இனி நான் பிழைத்தால் சரி.