பிள்ளையார் சுழி போட்ட லண்டன் காம்பஸ்

என் வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் இல்லை, சீட்டாட்டம் இல்லை, சினிமாப் பைத்தியம்கூடக் கிடையாது என்று என் அம்மா பூந்தமல்லி முழுக்கப் பெருமை பேசித் திரிந்தாள். மாப்பிள்ளை திருநெல்வேலிப் பக்கம், ஆவடி பேக்டரியில் வேலை, தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ். வேறென்ன வேண்டும்? குமணன்சாவடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏலம் என்று ஒன்று நடப்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பெங்களூர் ரோட்டை ஒட்டி, லாரி ஷெட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பழைய பங்களாவை இடிக்கிறவர்கள், வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்கள், அப்பா செத்த மறுமாதமே பாகம் பிரித்துக்கொண்ட பிள்ளைகள் என்று பலரும் கழித்துப் போட்டது அங்கே வரும். சுவர்க் கடிகாரம், பீங்கான் ஜாடி, ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, குழாய் இல்லாத கிராமபோன், ஒரு கொம்பு உடைந்த மான் தலை. ஏலக்காரர் சபாரி சூட் போட்டுக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி நிற்பார். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று அவர் இழுக்கிற இழுப்பில் கூட்டத்தில் யாருக்காவது கை தன்னால் எழும்பும். பெரும்பாலும் அது என் வீட்டுக்காரர் கையாகத்தான் இருக்கும்.

எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. அதில் ஒன்று அவருடைய சாமான்களுக்குப் போய்விட்டது. சுவர் முழுக்கக் கடிகாரம், ஒன்றும் ஓடாது. மணி பார்க்க வேண்டுமென்றால் நான் பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும். "ஓடுற கடிகாரத்துக்கு மதிப்பு கெடையாது, பழசுக்குத்தான் மதிப்பு" என்பார். இத்தனைக்கும் மனிதர் லேத்தில் வேலை பார்க்கிறவர். பித்தளையை விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே கலப்படம் சொல்லிவிடுவார் என்று பேக்டரியில் பெயர். அந்தப் பெயர்தான் எங்கள் குடியைக் கெடுத்தது. தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று அவர் முழுசாக நம்பினார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு புரட்டாசி மாதம் அந்தக் காம்பஸ் வந்தது. அவர் அதை முந்தின வாரமே பார்த்து வைத்துவிட்டார். வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை, கூப்பிட்டால் காதில் விழவில்லை. கடைசியில் ஒருநாள் ராகி அடையைப் பிட்டபடி மெதுவாக ஆரம்பித்தார்.

"கப்பல்ல தெச பாக்க வைக்கிற காம்பஸ்டி. லண்டன்ல செஞ்சது. அலை அடிச்சாலும் உள்ள இருக்க முள்ளு சாயாது. வெளிநாட்டுக்காரன் கண்ணுல பட்டுச்சுன்னா நாலு மடங்கு குடுத்துத் தூக்கிட்டுப் போவான். ஒன் வளையல மட்டும் குடு. ஒந் தங்கச்சி கல்யாணத்துக்குள்ள வளையலும் வரும், கூட ஒரு நெக்லஸும் வரும்."

என் தங்கைக்குக் கார்த்திகையில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். அந்த வளையல்கள் என் அம்மா எனக்குப் போட்டு அனுப்பியவை. அதைத் தவிர என்னிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி தங்கம் எதுவும் இல்லை. கொடுக்கவே கூடாது என்றுதான் நினைத்தேன். நெக்லஸ் என்ற சொல்லில் நானும் விழுந்தேன். அடகுக் கடையில் அவர் வளையல்களைக் கழற்றி வாங்கி நீட்டினார், கடைக்காரர் உரைத்துப் பார்த்து உள்ளே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காம்பஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மரப்பெட்டிக்குள் இரண்டு பித்தளை வளையம், அதற்குள் கிண்ணம், கிண்ணத்துக்குள் முள். பெட்டியை எப்படிச் சாய்த்தாலும் கிண்ணம் சாயவில்லை. கிண்ணத்தின் மேல் ஓரத்தில் லண்டன் என்று இங்கிலீஷில் வெட்டி, நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வருஷமும் போட்டிருந்தது. அதைப் பார்க்கப் பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவருடைய ஸ்பானர், ரம்பம் எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். காம்பஸையும் பூஜையில் வைக்க வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். கிண்ணத்தின் அடியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. அடித்தட்டைத் திருகிக் கழற்றினேன், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். தட்டின் உள்பக்கத்தில் களிம்பு கரைந்து போனதும் ஏதோ கீறல் தெரிந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

பிள்ளையார் சுழி. அழகாக வளைத்து, கீழே இரட்டைக் கோடு இழுத்திருந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, கேளுங்கள் கூத்தை. கப்பல் காம்பஸிலும் பிள்ளையார் இருக்கிறாரே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கன்னத்திலிருந்து கை இறங்குவதற்குள் தூக்கிவாரிப் போட்டது. லண்டனில் எவன் பிள்ளையார் சுழி போடுவான்? சுழிக்குக் கீழே பார்த்தால், மேலே வெட்டுவதற்கு முன்னால் கை பழகிப் பார்த்த மாதிரி, அதே உளியால் லண்டன் என்று இரண்டு முறை எழுதியிருந்தது. எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் சுழி போட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று எந்த அம்மா சொல்லி வளர்த்த பிள்ளையோ. பொய்யை எழுதும்போதும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறான். புளிக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தட்டை மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"இன்னாங்க இது? வெள்ளக்காரன் புள்ளையார் சுழி போடுவானா?"

பார்த்தார். முகம் வெளிறியது. ஒரு நிமிஷம்தான். பிறகு மெதுவாக அதில் வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"கப்பல் மதராஸ் ஹார்பருக்கு வந்திருக்கும். இது ரிப்பேர் ஆயிருக்கும். நம்மாளு ஒருத்தன் பிரிச்சு வேலை பாத்திருப்பான். சுழி போடாம நம்மாளு வேலையத் தொடங்குவானா?"

"ரிப்பேர் பண்ண வந்தவன் லண்டன்னு எதுக்கு எழுதிப் பழகறான்?"

"அழிஞ்ச எழுத்தத் திருப்பி வெட்டணும்லா?"

உலோகத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்கிற மனிதர், கண்ணால் பார்த்ததை நம்ப மாட்டேன் என்கிறார். மறுநாள் பூஜையில் நான் காம்பஸுக்குப் பொட்டு வைக்கவில்லை. அவரே வைத்துக்கொண்டார்.

பூஜை முடிந்த கையோடு அவரை இழுத்துக்கொண்டு குமணன்சாவடிக்குப் போனேன். ஏலம் இல்லாத நாள் என்பதால் கொட்டகையில் கூட்டம் இல்லை. ஏலக்காரர் சபாரி சூட் இல்லாமல் லுங்கியும் பனியனுமாக உட்கார்ந்திருந்தார். தட்டைக் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இன்னாம்மா நீ? மூணாவது தரம் சொல்லியாச்சுன்னா அது உன் ஊட்டு சாமான். அப்பால எங்கிட்ட வந்து கேட்டா நான் இன்னா பண்ண முடியும்? வேணும்னா திரும்ப எடுத்தாந்து வையி. வர்ற ஞாயித்துக்கெழம ஏலத்துல வுட்ருவோம். எவனாச்சும் தூக்கினு போவான். என் கமிஷன் குட்த்தா போதும்."

இவர் என்ன செய்ய வேண்டும்? சட்டையைப் பிடித்திருக்க வேண்டாமா? அவருக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து, ஹார்பருக்குக் கப்பல் வந்த கதையை விவரமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஏலக்காரர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். எனக்கு ஆத்திரத்தில் உட்கார முடியவில்லை, எழுந்து கொட்டகையின் பின்பக்கம் போனேன். சாக்குப் படுதா ஒன்று தொங்கியது. காற்றில் அது விலகியபோது உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டி தெரிந்தது. தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அதற்குள் எங்கள் காம்பஸ் கிண்ணம் மாதிரியே வரிசையாகக் கிண்ணங்கள் ஊறிக்கொண்டிருந்தன. சிலவற்றில் அப்போதுதான் பச்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. நான் படுதாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். எட்டிப் பார்த்தார். பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்ற பிறகு, ரொம்ப யோசித்துக் கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார்.

"அதெல்லாம் நம்மளத பாத்து அடிச்ச காப்பிட்டி. ஒரிஜினல் நம்மகிட்டல்லா இருக்கு."

அன்றைக்கு நான் வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. மறுநாளும் பற்ற வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அது ஏலத்துக்குப் போகாவிட்டால் நான் பூந்தமல்லிக்குப் போய்விடுவேன், தங்கச்சி கல்யாணத்தில் மொட்டைக் கையோடு நின்று, கேட்கிற ஒவ்வொருவரிடமும் உண்மைக் காரணத்தைச் சொல்வேன் என்றேன். அதில்தான் அவர் பணிந்தார். காம்பஸைப் பழைய துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்த விதத்தைப் பார்த்தால், கைக்குழந்தையைத் தத்துக் கொடுக்கப் போகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கொட்டகைக்கு வெளியே வரை நின்றது. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தோம். ஜாடி போயிற்று, மான் தலை போயிற்று. பிறகு ஏலக்காரர் எங்கள் காம்பஸைத் தூக்கிக் காட்டினார். விலை கேட்க ஆரம்பித்தார்கள். அடமானத்தை மீட்கிற அளவுக்குச் சீக்கிரமே தொகை வந்துவிட்டது. வளையல் கிடைத்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

கேட்டுக்கொண்டிருந்தவர் யாரென்று திரும்பிப் பார்த்தேன். காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள். எங்கள் பேக்டரியோ, அம்பத்தூர் கம்பெனியோ தெரியவில்லை. பக்கத்தில் அவன் பெண்சாதி, இடுப்பில் குழந்தை. அவன் கை எழும்பும்போதெல்லாம் அவள் சட்டையைப் பிடித்துக் கீழே இழுக்கிறாள். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. தாலிச் சங்கிலி ஏற்கெனவே எங்கேயோ போயிருக்க வேண்டும். என்னால் தாங்க முடியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன்.

"அது டூப்புங்க! லண்டனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அடில புள்ளையார் சுழி போட்டுக் கீது, பிரிச்சுப் பாருங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வளையலை நானே ஆற்றில் விட்டுவிட்டேன் என்று புரிந்தது, பரவாயில்லை என்றும் இருந்தது. ஏலக்காரர் கோபப்படுவார், காம்பஸைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

"கேட்டுக்கினீங்களா? நான் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அம்மா சொல்ட்டாங்க. இது சும்மா கப்பல் காம்பஸ் இல்ல அண்ணாத்தே. கப்பல் மதராஸ் ஹார்பருக்கு வந்து நின்னப்ப, வெள்ளக்காரனால ரிப்பேர் பண்ண முடியாம, நம்மாளு ஒர்த்தன் சுழி போட்டு ரிப்பேர் பண்ண காம்பஸ். உலகத்துலயே இது ஒண்ணுதான். புள்ளையாரே உள்ள குந்திக்கினு கீறாரு!"

எங்கள் வீட்டுக் கதை, வார்த்தை மாறாமல். கூட்டத்தில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இதுவரை வாயைத் திறக்காதவர்களெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். நான் உண்மையைச் சொன்னதில் விலை ஏறுகிறது! அந்தக் கொட்டகையில் என் பேச்சை நம்பியவள் ஒருத்திதான். மஞ்சள் கயிற்றுக்காரி குழந்தையைப் புருஷன் தோளில் திணித்து, அவனை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டே போய்விட்டாள்.

பின்வரிசையில் இரண்டு பேர் மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். பிறகு ஒருவர் ஓய்ந்துவிட்டார். "ஒரு தரம்... ரெண்டு தரம்..."

அப்போது என் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் அதற்கு மேல் விலை சொன்னது. கரகரத்த, எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். திரும்பினால் என் வீட்டுக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கண்ணில் தண்ணீர். ஏலக்காரர் ஒரு நொடி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சுத்தியலைத் தட்டினார்.

"மூணு தரம்!"

எங்கள் பொருளை நாங்களே வாங்கினோம். விற்றதற்கு ஒரு கமிஷன், வாங்கியதற்கு ஒரு கமிஷன். பாலுக்கும் மளிகைக்கும் வைத்திருந்த பணத்தை அவர் அங்கேயே எடுத்துக் கொடுத்தார். தங்கச்சி கல்யாணத்துக்கு இனிமேல் கண்ணாடி வளையல்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாப் வரும் வரை நான் முன்னால் நடந்தேன், அவர் காம்பஸைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தார்.

"ஏங்க இப்டி பண்ணீங்க?" என்றேன் கடைசியில்.

"நம்ம பொருள இன்னொருத்தன் தூக்கிட்டுப் போறத எப்படிட்டி பாத்துட்டு இருக்கது?"

"என் வளையல அடகுக் கடைக்காரன் எடுத்து உள்ள வச்சானே, அத மட்டும் பாத்துக்கினு தான நின்னீங்க?"

அவர் காம்பஸில் வெயில் படாமல் துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.