கடலுக்குப் போன கல்

எங்கள் ஊர்ப் பாறைகளை ரயிலில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடலில் போட்டார்கள் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. பழங்காநத்தத்துக்குத் தெற்கே, இன்று வீடுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில், அன்று பாறை வெட்டியெடுக்கும் ஒரு கல்கிடங்கு இருந்தது. அய்யாவும் அவருடைய தம்பியான என் சின்னய்யாவும் அங்கே கல் உடைத்தவர்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, கிழக்கே ஒரு கடற்கரையில் அலையைத் தடுக்கச் சுவர் கட்டுகிறார்கள் என்று, யானை யானையாகப் பாறைகளை வெட்டிச் சரக்கு ரயிலில் அனுப்பினார்களாம். அப்படி ஏற்றும்போது ஒரு பாறை நழுவிச் சின்னய்யாவின் வலது கை விரல்கள் மூன்றைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பிறகு அவர் கத்தரித் தோட்டத்துக்குக் காவல் இருந்தார். நாலு பேர் முன்னால் சாப்பிட மாட்டார். வலது கை எப்போதும் துண்டுக்குள்தான். "என் விரலையும் சேத்துத்தான் கடல்ல போட்டாய்ங்க" என்று சிரித்தபடி சொல்வார். அந்தச் சிரிப்பு ஆத்தாவுக்குப் பிடிக்காது.

எனக்கு எட்டு வயதிருக்கும். தை அமாவாசைக்குக் கடலில் முழுக்குப் போட அய்யா என்னையும் சின்னய்யாவையும் ரயிலில் கூட்டிப்போனார். தெப்பக்குளத்தைவிடப் பெரிய தண்ணீரை நான் பார்த்ததில்லை. கடலைக் கண்டதும் அய்யாவின் வேட்டியைப் பிடித்தவள் விடவே இல்லை. முழுகி எழுந்ததும் சின்னய்யா கேட்டார்.

"அந்தக் கல்லு எங்கிட்டு கெடக்குண்ணே? பாத்துட்டுப் போவம்."

விசாரித்தோம். ஒரு மீன்காரர் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார்.

சுவர் கடலுக்குள் நீளமாகப் படுத்திருந்தது. மேலே வெறும் கல், எங்கள் கிடங்கில் கிடப்பதைப் போலவே. மீன்காரர் வள்ளத்தை ஓரமாக நிறுத்தி, "மேல பாக்காதீக. கீழ பாருங்க" என்றார்.

தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அடியில் கல்லே தெரியவில்லை. சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருந்தன. அவற்றின்மேல் பச்சையும் செம்மையுமாகப் பாசி முளைத்து, அலைக்கு நெற்பயிர்போல் சாய்ந்து நிமிர்ந்தது. பூ என்று நான் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று, ஒரு குட்டி மீன் உரசியதும் சட்டென்று சுருங்கிக்கொண்டது. இடுக்குக்கு இடுக்கு நண்டின் கண்கள். வெள்ளிக் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பியபோது வெயிலே தண்ணீருக்குள் புரண்டு படுத்ததுபோல் இருந்தது. சித்திரைத் திருவிழாவை அய்யாவின் தோளிலிருந்து பார்த்தவள் நான். அவ்வளவு கூட்டம் இங்கே இருந்தது, ஆனால் சத்தமே இல்லை. எனக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது.

"கல்லப் போட்டப்ப, வலை கிழியும்னு சண்டைக்குப் போனோம்ணே" என்றார் மீன்காரர். "பெறகு பாசி புடிச்சுச்சு. அத மேய ஓரா மீனு வந்துச்சு. பொந்துக்குள்ள கலவா மீனு வந்து குடியேறுச்சு. அதுக பின்னாலயே நாங்களும் வந்துட்டோம்."

சின்னய்யா துண்டை விலக்கி வலது கையைத் தண்ணீருக்குள் விட்டார். குஞ்சு மீன்கள் வந்து அந்த மொட்டை விரல்களைக் கொத்தின. அவர் கையை எடுக்கவில்லை.

"நாங்க ஒடச்ச கல்லு" என்றார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மீன்காரர் மகிழ்ந்துபோய்த் தன் குடிசைக்கு அழைத்துப்போனார். அது சுவருக்கு மறுபக்கம் இருந்தது. "இவுக ஊருக் கல்லுதானாம்" என்று தன் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கஞ்சி ஊற்றினார். சின்னய்யா எல்லார் முன்னாலும் வலது கையாலேயே குடித்தார்.

வாசலில் நின்ற நான்தான் அதைக் கண்டேன். கரையிலிருந்து தள்ளி, அலைகளுக்கு நடுவே, செங்கல்லால் கட்டிய வட்டக் கிணறு ஒன்று கோபுரம்போல் நின்றது.

"கடலுக்குள்ள எதுக்குக் கெணறு கட்டுனீக?"

"கட்டுனப்ப அது கரைதான், தாயி" என்றார் அந்த அம்மா. "கெணத்தடியிலதான் எங்க தெரு இருந்துச்சு. செவரு வந்த பெறகு அந்தப் பக்கம் மண்ணு சேருது. இந்தப் பக்கம் கடலு அரிச்சுக்கிட்டே வருது."

"அந்தத் தண்ணி இனிக்குமா?"

"இனிச்சுச்சு."

சின்னய்யா கஞ்சியைக் கீழே வைத்துவிட்டார். வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டு, ஊர் வரும்வரை ரயிலில் முகத்தைத் திருப்பிப் படுத்தே வந்தார். ரயில் அலுப்பு என்று நான் நினைத்தேன்.

கடலுக்கு நடுவில் ஒரு கிணறு இருக்கிறது, அதில் தண்ணீர் இனிக்கும், தோணியில் போய்த்தான் இறைப்பார்கள் என்று தெருவெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். சின்னய்யா மட்டும், நான் ஆரம்பித்ததும் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். கதையில் ஏதோ சுவை குறைகிறதுபோல என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் அந்தக் கிணற்றை இன்னும் கொஞ்சம் அழகாக்கிச் சொன்னேன்.