எந்த உலகத்துக் கிருமி

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கிற குழிகளுக்குப் பக்கத்தில், ஒரு சின்னச் சொட்டு மருந்துப் புட்டி இருந்தது. என் மாமனாருக்கு இலவச முகாமில் கண்புரை அறுவை செய்தபோது கொடுத்தது. அவருக்குக் கண் சரியான பிறகும் அதைத் தூக்கிப் போட எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவில் யாருக்குக் கண் சிவந்தாலும், ஏதாவது ஒரு வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து இப்படி ஒரு முகாம் புட்டி கிளம்பி வரும். இரண்டு சொட்டு விட்டால் மறுநாள் கண் வெளுத்துவிடும். அதில் என்ன மருந்து இருக்கிறது என்று யாரும் படித்துப் பார்த்ததில்லை. நானும் படிக்கவில்லை. படித்திருக்க வேண்டிய ஆள் நான்தான்.

நான் தாவரவியல் படித்தவன். திருவண்ணாமலையில் உரமும் பயிர் மருந்தும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். என் கடையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. நோய் வந்த இலையைக் கொண்டுவராமல் யாருக்கும் மருந்து கிடையாது. இதற்காக நான் வாங்காத பேச்சு இல்லை.

"வேர்க்கடலையில புள்ளி வுழுந்துடுச்சு சார், மருந்து குடுங்க."

"இலை எங்க?"

"இலை எதுக்கு சார்? போன வருசம் குடுத்தீங்களே, அதே டப்பாவ குடுங்க."

"போன வருசம் வந்தது பூச்சி. இந்த வருசம் என்னன்னு பார்க்க வேணாமா?"

"டாக்டரே நாக்க நீட்டுன்னு சொல்லிட்டு வுட்டுடறாரு. உங்ககிட்ட வந்தா வயலையே தூக்கினு வரணும் போல."

திட்டிக்கொண்டே போவார்கள். மறுநாள் இலையோடு வருவார்கள். நான் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். பூஞ்சைக்கு அடிக்கும் மருந்து பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவுக்கு அடிப்பது பூஞ்சையைத் தொடாது. வைரஸ் என்றால் செடியைப் பிடுங்கி எறிவதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத எதிரி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று தெரியாமல் மருந்து அடிப்பது காசையும் பயிரையும் சேர்த்துத் தொலைப்பது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

என் மகள் அப்போது பிளஸ் ஒன். காலாண்டு விடுமுறைக்குக் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இவளும் ஒரு கொத்துச் செடியைப் பிடுங்கி, மண் உதிர உதறியிருக்கிறாள். காம்பு ஒன்று தெறித்து வலது கண்ணில் பட்டது. மோட்டார் தண்ணீரில் கழுவிவிட்டு அதை மறந்தும் போனாள்.

வீட்டுக்கு வந்த சில நாளில் கண் சிவந்தது. அந்த வாரம் அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு மெட்ராஸ் ஐ.

"இவளுக்கும் ஒட்டினு வந்துடுச்சுங்க," என்றாள் என் மனைவி.

நானும் அதையே முடிவு செய்தேன். மெட்ராஸ் ஐ என்பது வைரஸ், தானாகப் போய்விடும், கூடவே பாக்டீரியா சேராமல் இருக்க ஃபிரிட்ஜில் இருக்கும் சொட்டு மருந்தை விட்டு வைப்போம் என்று கணக்குப் போட்டேன். படித்தவன் போடுகிற கணக்கு. அவள் தலையைச் சாய்த்து என் கையாலேயே இரண்டு சொட்டு விட்டேன்.

அன்று மாலை அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உயிரியல் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்துலக வகைப்பாடு. நான் கேள்வி கேட்டேன். மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சைகள், தாவரங்கள், விலங்குகள் என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

"வைரஸ் எந்த உலகம்?"

"எந்த உலகமும் கிடையாது. உயிருள்ளதுக்கும் இல்லாததுக்கும் நடுவுல நிக்குது. இப்ப என் கண்ணுல நிக்குது."

கேட்டுக்கொண்டிருந்த என் மனைவியும் சேர, மூவரும் சிரித்தோம்.

மறுநாள் சிவப்பு குறைந்தது. அதற்கு மறுநாள் இன்னும் குறைந்தது. நான் காலையும் மாலையும் சொட்டு விட்டேன். ஐந்தாம் நாள் அவள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பா, பாலிதீன் கவர் வழியா பாக்கற மாதிரி இருக்குது."

கடை லென்ஸை எடுத்து வந்து பார்த்தேன். கருவிழியில் ஒரு சாம்பல் வெள்ளைப் புள்ளி. அதன் ஓரம் வெட்டியதுபோல் இல்லாமல், இறகு பிரிந்ததுபோல் இருந்தது. இந்த ஓரத்தை நான் இலைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். லென்ஸை மடக்கினேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பை எடுத்து வைத்தாள்.

அன்று பௌர்ணமி. பேருந்துகளை ஊருக்குள் விடவில்லை. கிரிவலம் வந்த கூட்டத்துக்கு எதிராக நாங்கள் மூவரும் நடந்தோம். மகள் துப்பட்டாவால் கண்ணை மூடியிருந்தாள், நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். ஊருக்கு வெளியே தற்காலிகமாகப் போட்டிருந்த நிலையத்தில் பேருந்து கிடைத்தது. கீழ்பென்னாத்தூரைத் தாண்டியபோது என் தங்கையின் நிலம் ஜன்னலில் போனது. கடலை பிடுங்கி முடித்து மண் வெறுமையாகக் கிடந்தது. மகள் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். பார்க்கவில்லை.

செஞ்சிக்கு அப்பால் இருக்கும் ஒரு பெரிய கண் மருத்துவமனையில், என்னைவிட மிகவும் வயது குறைந்த ஒரு பெண் மருத்துவர் அவளைப் பார்த்தார். கருவியில் அவள் முகவாயை வைக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார்.

"என்ன மருந்து போட்டீங்க சார்?"

"ஒன்னும் போடல. தண்ணியில கழுவினோம்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் மனைவி தரையைப் பார்த்தாள். மகள் முகவாயை எடுக்காமலேயே சொன்னாள்: "பா, ஃபிரிட்ஜ் மருந்து."

புட்டி என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மருத்துவர் லேபிளைப் படித்தார். அதை முதன்முதலாகப் படித்தவர் அவர்தான்.

"இது ஸ்டீராய்டு. ஆபரேஷன் பண்ண கண்ணுல வீக்கம் அடங்கறதுக்குக் குடுப்போம். போட்டதும் சிவப்பு கம்மியாகி இருக்குமே?"

"கம்மியாச்சு."

"உடம்பு சண்டை போடறதாலதான் கண்ணு சிவக்குது. நீங்க காவல்காரனைத் தூங்க வெச்சிட்டீங்க. உள்ள இருக்கறது பூஞ்சையா இருந்தா, அதுக்குத் தண்ணி பாய்ச்சின மாதிரி."

"பூஞ்சைதானா டாக்டர்?" என்று கேட்டது என் மனைவி.

"பார்த்தா அப்படித்தான் இருக்குது. ஆனா சுரண்டி எடுத்து, மைக்ராஸ்கோப்புல பார்க்காம நான் மருந்து எழுத மாட்டேன்மா."

இலை எங்கே என்று என்னை யாரோ கேட்டதுபோல் இருந்தது.

கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி எடுத்தார்கள். மகள் அசையவே இல்லை. என் மனைவியின் கைவிரல்கள்தான் அவள் பிடியில் வெளுத்துப்போயிருந்தன. எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, மேலே ஒரு சொட்டுக் காரக் கரைசல் விட்டு, பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் மருத்துவர் எட்டிப் பார்த்து, "பாப்பா அப்பா, வாங்க," என்றார்.

"டாக்டர், நான் பாட்டனி படிச்சவன். நானே ஒரு தடவை பார்க்கலாமா?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

கல்லூரிக்குப் பிறகு நுண்நோக்கியில் கண் வைத்தது அன்றுதான். மங்கலான பின்னணியில் கண்ணாடி நூல்கள் ஓடின. கிளை பிரிந்து, மறுபடியும் கிளை பிரிந்து. ஒவ்வொரு நூலுக்குள்ளும் மூங்கில் கணுப்போலக் குறுக்குச் சுவர்கள். ரெக்கார்டு நோட்டில் இதைப் பென்சிலால் வரைந்து, அம்புக்குறி போட்டுப் பாகம் குறித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அழகாகத்தான் இருந்தது. அது என் மகளின் கண்ணில் வளர்ந்துகொண்டிருந்தது.

"குறுக்குச் சுவர் இருக்குது," என்றேன்.

"இருக்குதுல்ல? அப்ப வைரஸ் இல்ல, பாக்டீரியா இல்ல. பூஞ்சை. அதுல எந்த வகைன்னு வளர்த்துப் பார்த்தாத்தான் தெரியும், அதுக்கு நாளாகும். பேரு மெதுவா வரட்டும் சார். எந்த உலகம்னு தெரிஞ்சிடுச்சு. மருந்தை இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்."

"பார்வை?"

"புண்ணு நடுவுல இல்ல, கொஞ்சம் தள்ளி இருக்குது. இன்னும் ஒரு வாரம் அந்தச் சொட்டை விட்டிருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன். வாக்கு எதுவும் தர மாட்டேன். மருந்தை மட்டும் தவற விடாதீங்க."

பூஞ்சை மருந்து பாலைப்போல் வெள்ளையாக இருந்தது. அடியில் தங்கிவிடும், குலுக்கித்தான் விட வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை. சில நாள் மருத்துவமனையில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். மணி அடிக்கும், புட்டியைக் குலுக்குவேன், லேபிளை ஒருமுறை படிப்பேன், சொட்டு விடுவேன். ஒவ்வொரு முறையும் படித்தேன். அவளுக்குச் சலித்துவிட்டது.

"மணிக்கு ஒரு தடவை பேரு மாறிடுமா பா?"

"இருக்கட்டும்."

"வேர்க்கடலைக்குக் குடுக்கற மரியாதையை எனக்குக் குடுக்கலியே நீ. நானும் ஒரு இலையா பொறந்திருக்கணும்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வாரங்கள் போயின. புள்ளியின் இறகு ஓரங்கள் மழுங்கின. புண் ஆறுகிறது என்றார் மருத்துவர். ஆனால் பார்வை எவ்வளவு திரும்பும் என்று கேட்டால் பொறுங்கள் என்றார். மருத்துவமனையில் எழுத்துப் பலகையை அவள் வரிசை வரிசையாகப் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு முறையும் அதே பலகை. ஐந்து உலகத்தை மனப்பாடம் செய்தவளுக்கு ஐந்து வரி எம்மாத்திரம்?

வீட்டிலும் இதே கதைதான். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ். மாடியில் நின்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அதன் போர்டைப் படிப்பாள். முதலில் பெரிய எழுத்து மட்டும். பிறகு அதன் கீழே 'அறைகள் வாடகைக்கு'. ஒருநாள், நான் கண்ணாடி போட்டும் படிக்க முடியாத கடைசி வரியைச் சொன்னாள்: 'வெந்நீர் காலையில் மட்டும்.'

"பொறந்ததிலேர்ந்து அந்த போர்டைப் பாக்கறே. தெரியாமலா இருக்கும்?" என்றேன்.

"நம்ப மாட்டியே நீ," என்று கீழே இறங்கிப் போய்விட்டாள்.

கார்த்திகை வந்தது. தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு, விடிந்த கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து அவள் கூப்பிட்டாள். போனேன். இடது கண்ணை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு நின்றாள். லாட்ஜ் வாசல் கதவில், முந்தின நாள் வரை இல்லாத ஒரு அட்டை தொங்கியது. எனக்கு அது ஒரு வெள்ளைக் கட்டம்.

"தீபத்துக்கு ரூம் இல்லை. தயவுசெய்து கதவைத் தட்ட வேண்டாம்," என்று நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "கீழ ஒரு ஃபோன் நம்பர் இருக்குது. சொல்லட்டா?"

நான் கீழே இறங்கினேன். செருப்புப் போட்டேனா என்று நினைவில்லை. தெருவைக் கடந்து அந்த அட்டையின் முன்னால் போய் நின்றேன். ஸ்கெட்ச் பேனாவில் யாரோ அவசரமாக எழுதியது. அவள் சொன்ன இரண்டு வரியும் அப்படியே இருந்தன. மேலே பார்த்தேன். கையை எடுக்காமல் நின்றாள்.

"சொல்லு," என்றேன்.

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். ஒவ்வொரு எண்ணின் மேலும் நான் விரல் வைத்தேன். பத்தும் சரி. பத்தாவது எண்ணில் வைத்த விரலை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கதவு திறந்தது. லாட்ஜ் மேனேஜர், தூக்கக் கலக்கத்தில், லுங்கியோடு.

"ரூம் இல்ல சார். இவ்ளோ பெருசா எழுதி மாட்டினு இருக்கேன், பார்க்கலியா?"

"பார்த்தாச்சுங்க," என்றேன். "என் பொண்ணு பார்த்துட்டா."