பத்தரை மணிக்கு ஒரு கண்

மேவிஸ் அக்ராய்டுக்கு வயது அறுபத்தொன்பது. வடக்கு இங்கிலாந்தின் கிராக்லியிலிருந்து நகரத்துப் பள்ளிக்கூடச் சமையலறைக்கு இருபத்தாறு வருஷம் ரயிலில் போய் வந்தவள். தூரம் பதினேழு மைல். அட்டவணைப்படி முப்பத்தெட்டு நிமிஷம். மணிக்கு இருபத்தேழு மைல்கூடத் தேறாது. அதுவும் ரயில் வந்தால்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு நகர மருத்துவமனையில் அவளுடைய வலக்கண் புரைக்கு அறுவை சிகிச்சை. பதினான்கு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். இருபது நிமிஷத்துக்கு மேல் தாமதித்தால் பெயர் பட்டியலின் வாலுக்குப் போய்விடும் என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது.

9.12 ரத்து. ஓட்டுநர் வரவில்லையாம். 9.42 வந்தபோது மணி 10.01. நான்கு பெட்டிக்குப் பதில் இரண்டு. யாரோ ஒருவரின் முதுகுப்பை மூக்கில் இடிக்க, ஒற்றைக்காலில் நின்றாள்.

"சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றது ஒலிபெருக்கி.

"நீங்க எங்கய்யா வருந்துறீங்க? வருந்துறது நாங்கதான்" என்றாள். பெட்டியில் நாலு பேர் சிரித்தார்கள். ரயில் மட்டும் நகரவில்லை.

கண் பிரிவுக்குள் நுழைந்தபோது 10.52. இரண்டு நிமிஷம் அதிகம். வாயில் வந்த வசவை விழுங்கிக்கொண்டு நர்ஸ் கீலியின் முன் போய் நின்றாள்.

"உங்க பேரை அடிக்கலம்மா. டாக்டரே இன்னும் வரல. ஹோல்ம்சைட் சந்திப்புல ரயில் நிக்குதாம். பதினொன்றரைக்குள்ள வரலேன்னா எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. எதுக்கும்மா சும்மா உக்காந்திருக்கீங்க? இப்பவே கிளம்புங்களேன்."

"கிளம்பவா? எந்த ரயில்ல வர்றாரு?"

"உங்க லைன் வண்டிதான், 10.12ன்னு போன்ல சொன்னாரு."

"அப்ப இரு புள்ள. எக்ஸ்பிரஸ் தாண்டுற வரைக்கும் அங்க பச்சை விழாது. அது 11.06க்குத் தாண்டும். அங்கேருந்து பதினாலு நிமிஷம், நடை எட்டு. 11.28."

"எக்ஸ்பிரஸும் லேட்டானா?"

"அது லேட்டாகக் கூடாதுன்னுதானே எங்கள எல்லாம் நிறுத்தி வைக்கிறானுங்க!"

கீலி உதட்டைப் பிதுக்கினாள். ஆனாலும் யாரையும் அனுப்பவில்லை. மேவிஸ் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, தெரிகிற கண்ணைச் சுவர்க் கடிகாரத்தில் நட்டு உட்கார்ந்தாள்.

11.29க்கு டாக்டர் பென்ஹாலிகன் கழுத்து டை தோளில் தொங்க ஓடிவந்தார்.

"மன்னிக்கணும்மா, ரயிலு..."

"தெரியும் டாக்டர். மொதல்ல உக்காந்து ஒரு டீ குடிங்க. இப்படி நடுங்குற கையோட என் கண்ணுகிட்ட வந்துடாதீங்க."