ஆறில் ஆறு

நான் திருவனந்தபுரத்தில் எலும்பு மருத்துவராகச் சேர்ந்த புதிது. பிறந்து பத்து நாளே ஆன மகனைத் தூக்கிக்கொண்டு ஒரு தமிழ்ப்பெண் தனியாக வந்தாள். கணவனுக்குக் கட்டட வேலையில் லீவு கிடைக்கவில்லையாம். விவரம் கேட்பதை நர்ஸிடம் விட்டுவிட்டு, நான் குழந்தையின் கால்களை மட்டும் பார்த்தேன். இரண்டு பாதங்களும் உள்பக்கமாக வளைந்திருந்தன.

குதிகாலை அழுத்தினால் எலும்பு தட்டுப்படவில்லை. உள்ளங்காலில் ஆழமான மடிப்பு. நேராக்கப் பார்த்தேன், பாதம் அசையவில்லை. இப்படி ஆறு அடையாளங்கள் பார்ப்போம். கோணல் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். "ஆறில் ஆறு" என்று சுற்றி நின்ற மருத்துவ மாணவர்களிடம் மலையாளத்தில் சொன்னேன். அது அவளுக்கும் புரிந்தது. முகம் மலர்ந்தது.

மாவுக்கட்டு போட்டு முடிந்ததும் வராந்தாவில் கணவனிடம் போனில் சொன்னாள்: "நம்ம பிள்ளைக்கு ஆறுக்கு ஆறு மார்க்காம். பயப்படாதீய."

நான் இதே ஊரில் தமிழர்கள் வாழும் வலியசாலையில் வளர்ந்தவள், வீட்டில் தமிழ்தான். நின்று சொல்லியிருக்கலாம். சங்கடத்தில் கடந்து போய்விட்டேன்.

அடுத்த வாரம் கட்டு மாற்றும்போது கேட்டாள்: "முழு மார்க் வாங்குன பிள்ளைக்கு எதுக்கு டாக்டர் திரும்பவும் கட்டு?"

அதுதான் இருப்பதிலேயே மோசமான மதிப்பெண் என்றும், வாராவாரம் கட்டு மாற்றினால் குறையும் என்றும் தமிழில் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பையன் இப்போது நன்றாக ஓடுகிறான். ஆனால் அத்தனை பேர் நின்ற அறையில் அவன் அம்மாவை நான் தனியாக விட்டேன் என்பது இன்னும் என் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.