கொட்டாஞ்சேனையில் ஒரு பிரஷ்ய மேஜரை விசாரித்தபோது

2007 ஆகஸ்டில் கொழும்புக்குப் போனேன். லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்கே அனுப்பி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் யாராவது ஊர் சுற்றுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நான் போனது வெள்ளவத்தையில் இருக்கும் அக்காவைப் பார்க்க. ஊர் சுற்றியது ஒரே ஒரு நாள், அதுவும் செத்துப்போன ஒரு மனிதருக்காக.

ஜேர்மனியின் வடக்கில் ஒரு சிறு நகரத்தில் நான் பஸ் ஓட்டுகிறேன். என் பாதையில் ஒரு தரிப்பிடத்தின் பெயர் மேஜர் ட்ரெஸ்கெல் தெரு. பதினொரு வருடமாக அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தேனே தவிர, ஆள் யாரென்று கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். உள்ளூர் வரலாற்றைத் தோண்டுவதுதான் அவருடைய பொழுதுபோக்கு. நான் கொழும்புக்குப் போகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மேஜர் புதைக்கப்பட்டது அங்கேதானாம்.

ட்ரெஸ்கெல் ஒரு போதகரின் மகன். சிறு வயதிலேயே பிரஷ்ய இராணுவப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். டென்மார்க்குடன் நடந்த போரில் லெப்டினன்ட், ஆஸ்திரியாவுடன் நடந்த போரில் கப்டன். அங்கே ஒரு காதின் பாதி போனது. பிறகு சில காலம் வரைபடப் பிரிவில் இருந்தார். பிரான்ஸ் போர் முடிய மேஜர் ஆனார், மேலதிகாரியோடு சண்டை பிடித்தார், ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கொழும்பில் கோப்பி வியாபாரம் செய்த தம்பியிடம் கப்பலேறி வந்தார். அப்போது கோப்பிச் செடிகளை நோய் தின்றுகொண்டிருந்தது. மேஜரைக் காய்ச்சல் தின்றது. ஆறு மாதம்கூட இருக்கவில்லை.

கல்லறையைப் படம் எடுத்துவரும்படி கேட்ட ஆசிரியர், தம்பியின் வீடு இருந்த இடம், தேவாலயம், துறைமுகம் எல்லாவற்றையும் கையால் வரைந்து, சிவப்புப் பென்சிலால் ஒரு சிலுவைக்குறியும் போட்டுத் தந்தார். நல்ல மனிதர், ஆனால் கொழும்பைப் பற்றி எதுவும் தெரியாதவர். எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டேன் பாருங்கள், என்னை என்ன சொல்வது!

அக்காவுக்கு இந்தப் பயணம் துளியும் பிடிக்கவில்லை.

"தம்பி, ஆமிக்காரன் எண்ட கதையையே அங்க எடுக்காதை."

"அவர் செத்து நூறு வருசத்துக்கு மேல அக்கா."

"செத்தாலும் ஆமி ஆமிதான். உன்னைப் பொலிஸில எங்கட வீட்டு விலாசத்திலதான் பதிஞ்சிருக்கு. ஏதும் பிரச்சினை எண்டா இஞ்சதான் வருவினம். அத்தான்ர நிலமை உனக்குத் தெரியும்தானே?"

தெரியும். அத்தானை அதற்கு முந்தைய வருடம் ஒரு சோதனையில் பிடித்துக்கொண்டுபோய், இருபத்தோரு நாள் வைத்திருந்துவிட்டு விடுவித்தார்கள். எதற்குப் பிடித்தார்கள், எதற்கு விட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் காலி வீதிக்குக்கூட இறங்குவதில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிடுவார். இன்னொரு முறை கூட்டிக்கொண்டு போனால் அவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அக்காவுக்கு இல்லை.

காலை ஒன்பதரைக்கு ஒரு த்ரீவீல் பிடித்தேன். போக, காத்து நிற்க, திரும்பிவர எல்லாமாக 1,200 ரூபாய். சாரதி நிஸாம் கிராண்ட்பாஸ் பகுதிக்காரர், கலகலப்பான ஆள். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை ஏறத்தாழ பதினொரு கிலோமீற்றர். வழியில் மூன்று இடத்தில் மறித்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஜேர்மன் கடவுச்சீட்டையும் பொலிஸ் பதிவையும் நீட்டினேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்ற வரியில் எல்லோருடைய விரலும் கொஞ்ச நேரம் நின்றது.

கொட்டாஞ்சேனையில் இறங்கி, நிஸாமும் கூட வர, ஒரு தேநீர்க் கடையில் விசாரணையைத் தொடங்கினேன். கல்லறையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். நானோ மேஜரின் வாழ்க்கை வரிசைப்படி போனேன். ஒரு இராணுவ மேஜர் தங்கியிருந்த வீடு எது, துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்குமாமே, அவர் எந்த வழியால் போய்வருவார் என்று கேட்டேன். கடைக்காரர் கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தார். பக்கத்து மேசையில் இருந்தவர் எழுந்து போய்விட்டார். எந்தக் காலத்து மேஜர் என்று நான் சொல்லவே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

தேவாலயத்தை நோக்கி நடந்தபோது, குடை பிடித்த ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் பின்னால் வந்தார். நான் நின்றால் அவரும் நின்றார். சிஐடிதான் என்று முடிவு கட்டினேன். நிஸாமிடம் இரகசியமாகச் சொன்னேன். "பயப்புடாதீங்க அண்ணன், நீங்க நடங்க. நான் ஒரு சிகரட் வாங்கிட்டு வாறன்" என்றார். அந்த இடத்தில் நான் நம்பியது அவர் ஒருவரைத்தான்.

குடைக்காரர் கிட்டே வந்தார். தேவாலயத்தில் வேலை செய்பவராம், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கல்லறை தேடித்தான் வருவார்களாம், கல்லறைத்தோட்டத்தின் பூட்டுத் திறப்பு வேண்டுமா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

நிலையத்தில் இன்ஸ்பெக்டருக்கு என் வயது இருக்கும். ஆங்கிலத்திலும் என் உடைந்த சிங்களத்திலும் பேசினோம். தமிழில் தருகிறேன்.

"மேஜர் எந்தப் படைப்பிரிவு?"

"பிரஷ்யக் காலாட்படை."

"இப்போது எங்கே?"

"கல்லறையில்."

"யார் கொன்றது?"

"காய்ச்சல்."

அவர் சிரிக்கவில்லை. ஆசிரியர் தந்த வரைபடத்தை மேசையில் விரித்து, துறைமுகத்தின் மேல் விரலை வைத்தார். வெள்ளவத்தை முகவரியை இன்னொரு பொலிஸ்காரர் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாசலில் நின்றார். அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்கு அத்தானின் நினைவைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

"மேஜருடைய வேலைகள் முழுவதையும் சொல்லுங்கள். ஒன்றையும் விடக் கூடாது."

சொன்னேன். டென்மார்க், ஆஸ்திரியா, பாதிக் காது. வரைபடப் பிரிவு என்றதும் அவர் புருவம் உயர்ந்தது. அவசரமாக பிரான்ஸுக்குத் தாவினேன். பிடிபட்ட ஒரு சிறு பட்டணத்தின் பாலத்தில் அவரைக் காவலுக்குப் போட்டார்கள், வருவோர் போவோரின் அனுமதிச்சீட்டைப் பார்ப்பதுதான் வேலை, ஒரு நாள் ஊரடங்கு முடியுமுன் ஒரு ரொட்டிக்காரர் கூடையோடு வந்தார், அவருடைய சீட்டு முதல் நாளோடு காலாவதியாகியிருந்தது, காட்டில் ஒளிந்திருக்கும் ஆட்களுக்குத்தான் ரொட்டி போகிறது என்று மேஜர் சந்தேகப்பட்டார் என்று வளர்த்துக்கொண்டே போனேன். பாதியில்தான் எங்கே வந்து மாட்டியிருக்கிறேன் என்று விளங்கியது.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மேஜர் என்ன செய்தார்?"

"ஒரு மணித்தியாலம் விசாரித்தார், சேர். அந்த ஆள் சொன்னது உண்மை என்று தெரிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்."

"கூடையோடா?"

"கூடையோடு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கான்ஸ்டபிளை என்னோடு அனுப்பினார். குடைக்காரர் கல்லறைத்தோட்டத்தைத் திறந்தார். புதருக்குள் சாய்ந்த கல்லில் ட்ரெஸ்கெல் என்ற பெயரும் மேஜர் என்ற பதவியும் தெளிவாக இருந்தன. கான்ஸ்டபிள் எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டு, கல்லை ஒரு படம் எடுக்க என்னை விட்டார். நிலையத்துக்குத் திரும்பியதும் முகவரித் துண்டு கிழிக்கப்பட்டது, வரைபடத்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

வெளியே நிஸாம் த்ரீவீலோடு காத்திருந்தார். என் முகத்தை நேரே பார்க்கவில்லை.

"நான் தான் பொலிசுக்கு சொன்ன, அண்ணன். பொய் சொல்ல ஏலா. நாளைக்கி ஏதும் வெடிச்சா, ஆர ஏத்திட்டு வந்தன்டு என்னத்தானே கேப்பாங்க. எனக்கு மூணு புள்ளைகள்."

கோபம் வந்தது, நிலைக்கவில்லை. அவர் இடத்தில் நானென்றால் தேநீர்க் கடையிலேயே எழுந்து ஓடியிருப்பேன். பேசிய 1,200 ரூபாயைக் கொடுத்தேன். அவர் வெள்ளவத்தையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அக்காவிடம் வழியில் நெரிசல் என்று மட்டும் சொன்னேன். அத்தான் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தார்.

இப்போது இதே போல் யாராவது போவதாக இருந்தால், முதலில் தேவாலயத்தில் கேளுங்கள், இராணுவம் என்ற சொல்லைக் கடைசியில் சொல்லுங்கள். துறைமுகப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். தங்கும் வீட்டின் பதிவுப் பிரதியைக் கையில் வைத்திருங்கள். கையால் வரைந்த எதையும் கொண்டுபோகாதீர்கள்.

படத்தை ஆசிரியரிடம் கொடுத்தபோது இன்ஸ்பெக்டரிடம் நான் சொன்னதையும் சொன்னேன். அந்த ரொட்டிக்காரரின் கதையை எனக்கு முதலில் சொன்னவரே ஆசிரியர்தான், அதுவும் மனைவிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி. மேஜர் அந்த ரொட்டிக்காரரை ஒரு மணித்தியாலம்கூட விசாரிக்கவில்லை. பாலத்தடிக்குக் கொண்டுபோய்ச் சுடச் சொன்னார். கூடையில் இருந்த ரொட்டியைக் காவலில் நின்றவர்கள் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள்.