ஏழு சென்மமும் ஒரு சித்திரையும்

செத்த பிறகு மேலே கேட்பதற்கு ஒருவர் இல்லை என்றால் மனிதன் எதற்காக ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் தாங்கள் என்ன சொல்கிறோம் என்பது அவர்கள் காதிலேயே விழுவதில்லை. மேலே ஒருவன் தடியோடு நிற்காவிட்டால் பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்துக் குழம்பு வைத்துவிடுவேன் என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒருவர் பேசிவிட்டுப் போனால் நான் எழுந்து போய்க் கோழிக்கூடையை ஒரு முறை பார்த்துவிட்டு வருவது வழக்கம்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. வெல்லம் கட்டிவந்த காகிதத்தையும் ரயில் நிலையப் பலகையையும் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டவன். நான் படித்தது முக்கால்வாசி மனிதர்கள் வாயில்தான். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய மேட்டு நிலம் எங்களுடையது. சர்க்கார் கச்சேரிக்குப் போனால் மலையாளம், உழுகிற காட்டுக்குப் போனால் கொங்குப் பேச்சு. இரண்டிலும் யார் எதை ருசியாகச் சொன்னாலும் நான் மனத்தில் முடிந்துவைத்துக்கொள்வேன். என்னைத் திட்டினதாக இருந்தாலும் சரி.

எனக்கு மேல் உலகத்தில் நம்பிக்கை இல்லை என்று ஊருக்குத் தெரிந்தது என் அப்பாவின் கருமாதியன்று. சடங்கு செய்ய வந்தவர், ஒரு குடையும் ஒரு ஜோடிச் செருப்பும் தானம் கொடுக்க வேண்டும், போகிற வழியில் அப்பாவுக்குக் கால் சுடாமல் இருக்கும் என்றார். எங்கள் அப்பா பிறந்ததிலிருந்து செருப்புப் போட்டவர் இல்லை. அக்கினி வெயிலில் உழுத புழுதியில் வெறுங்காலோடு நடந்தவர். “இருக்கற மட்டும் அவரு காலு சுடுதான்னு ஆரும் கேக்கலீங்க. இப்பக் காலே இல்ல, சாம்பலாப் போச்சு. இப்ப எதுக்குங்க செருப்பு?” என்று கேட்டுவிட்டேன். சடங்கு செய்ய வந்தவர் கால் மட்டும் நன்றாகச் செருப்புப் போட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, துக்க வீடு.

அன்றிலிருந்து எனக்கு ஊரில் ஒரு பட்டம்: மேல ஊடில்லாதவன். எல்லாருக்கும் அங்கே வீடு கட்டித் தயாராக இருக்கிறது, எனக்கு மட்டும் மனைகூட இல்லை என்று பொருள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானே சில சமயம் சொல்லிச் சிரித்துக்கொள்வேன்.

என் நிலத்துக்கு அடுத்த நிலம் அண்ணன் தம்பி இருவருடையது. இரண்டு பேருக்கும் ஒரே கிணறு, பாதிப் பாதி. காளைகளைச் சரிவில் இறக்கித் தோல் சாலில் தண்ணீர் இறைக்கிற கிணறு அது. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. தம்பி எனக்கு உயிர்ச் சிநேகிதன். ஒரு மழைக்காலத்தில் குளிர் காய்ச்சல் கண்டு போய்விட்டான். மனைவியும் இரண்டு குழந்தைகளும் ஒரு ஜோடிக் காளையும் மிஞ்சின.

அண்ணன்காரர் ஊரிலேயே பெரிய பக்திமான். நெற்றியில் பட்டை, கழுத்தில் கொட்டை, கிருத்திகை தவறினால் சோறு இறங்காது. தம்பி எரிந்து தணிவதற்குள், “அவன் மேல இருந்து நம்மளயெல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்” என்று கண் கலங்கினார். தை, மாசி வரை அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். பங்குனி பிறந்து கிணற்றில் தண்ணீர் இறங்கியது. ஒரு விடியற்காலை தம்பியின் மனைவி தன் முறைக்குக் காளைகளை ஓட்டிக்கொண்டு போனால், அங்கே சாலும் இல்லை, அதை இழுக்கிற வடமும் இல்லை. கழற்றிக்கொண்டு போயிருந்தார்.

கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது. அந்தக் காளை ஜோடியைத் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தது அவராம். அதற்கு ஈடாக அவன் தன் தண்ணீர் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டானாம். அண்ணன் தம்பி பேச்சு, அதற்குச் சாட்சி எதற்கு?

மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிற தம்பி இதையும் பார்த்துக்கொண்டிருப்பானே என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அது பச்சைப் பொய் என்று எனக்குத் தெரியும். அந்தக் காளைகளைப் பொள்ளாச்சிச் சந்தையில் என் சிநேகிதன் வாங்கியபோது நான் கூட இருந்தேன். போன வருஷத்து மிளகாய் விற்ற காசைத் தரகர் கையில் அவனே கொடுத்தான். வருகிற வழியில் ஒரு காளை நடுரோட்டில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. இவன் அதன் வாலைப் பல்லால் கடித்துத்தான் எழுப்பினான். வாயைத் துப்பித் துப்பி ஊர் வரைக்கும் வந்தான். அந்தக் காளையை வாங்கிக் கொடுத்தவர் அண்ணனாம்!

மிளகாய்ச் செடி பூவும் பிஞ்சுமாக நின்றது. நாலைந்து தண்ணீர் தவறினால் விறகுதான். அதை விட்டால் அந்த வருஷம் அந்த மூன்று உயிர்களுக்கும் வேறு ஒன்றும் இல்லை. பாலக்காட்டுக் கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் வாயைத் திறப்பதற்குள் ஆடி மாசம் வந்துவிடும். அதனால் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. கருப்பராயன் கோயில் முன்னால், ஒரு சாயங்காலம்.

தீர்ப்புச் சொல்கிற பெரியதனக்காரர் எனக்கு மாமன் முறை. கெட்டிக்காரர், கொஞ்சம் பயந்த சுபாவம். நான் எழுந்து சந்தைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இருப்பா மாப்ளே. சாட்சி சொல்றதுன்னா சூடம் அணச்சுச் சொல்லோணும். அணைப்பியா?”

“அணைக்கறனுங்க மாமா.”

“பொய் சொன்னா என்னாகும்னு தெரியுமா?”

“பொய் சொன்னா இந்தம்முணியோட செடி காஞ்சுபோகுமுங்க.”

“அதில்லப்பா. உனக்கு என்னாகும்?”

நான் யோசித்தேன். எனக்கு ஒன்றும் ஆகாதுதான். பின்னால் இருந்து ஒருவன் குரல் கொடுத்தான்: “மேல ஊடில்லாதவன் சாட்சி சொல்ல வந்துட்டானப்பா! நரகமே இல்லைங்கறவன் சூடத்த அணச்சா என்ன, சுருட்டப் பத்த வெச்சா என்ன?”

கூட்டம் சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்தது, அவ்வளவு நன்றாகச் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்போடு என் சாட்சி தள்ளுபடியாகிவிட்டது. பார்த்தவன் பார்த்ததைச் சொல்லக்கூடாது. ஏன் என்றால் அவன் பயப்படவில்லை. இப்படி ஒரு நியாயம்.

பிறகு அண்ணன்காரர் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு வந்தார். தட்டில் சூடம் எரிந்தது. “நாஞ் சொல்றது பொய்யின்னா ஏழு சென்மமும் நரகத்துல கெடக்கறேன்” என்று கணீரென்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழு ஜன்மம்! மேல் உலகத்தை நம்புகிறவர் அவர்தான், நான் இல்லை. அங்கே எண்ணெய்க் கொப்பரை கொதித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் பலமுறை விவரமாகச் சொன்னவரும் அவர்தான். அந்தக் கொப்பரையால் ஒரு சால் தண்ணீரைக் காவல் காக்க முடியவில்லை.

பெரியதனக்காரர் தொண்டையைச் செருமினார். சத்தியம் ஆகிவிட்டது, இனித் தீர்ப்புதான். அப்போது ஓரமாக நின்ற அந்தப் பெண் வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

“ஏனுங்க, நான் ஏழு சென்மத்துத் தண்ணியக் கேக்கலீங்க. நாளைக்கு என்ர முறைங்க. அதத்தானுங்க கேக்கறேன்.”

அழவில்லை, கத்தவில்லை. உப்பு இருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் கேட்பது போலக் கேட்டாள். எனக்குச் சட்டென்று புத்தி வந்தது.

“மாமா, என்ர சாட்சி வேண்டாமுங்க, விட்டுருங்க. ஆனா அந்தக் காளைய வித்த தரகரு அடுத்த சந்தைக்கு வருவாரு. அவரக் கேக்கலாமுங்க. நாஞ் சொன்னது பொய்யின்னா என்ர கிணத்துத் தண்ணி சித்திர முடிய இவிங்களுக்கு. வாய்க்கா ரெண்டு காட்டுக்கும் நடுவுலதான் போகுது, மடைய வெட்டி உட்டாப் போதும். இவிங்க சொன்னது பொய்யின்னா இவிங்க முறையும் சேத்துச் சித்திர முடிய இந்தம்முணிக்கு. ஒத்துக்கறீங்களான்னு கேளுங்க.”

“சாமி முன்னால சத்தியம் பண்ணியாச்சு, அதுக்கு மேல பந்தயமா?” என்று சீறினார் அண்ணன்காரர். “தண்ணியப் போயி ஆராச்சும் பந்தயம் வெப்பாங்களா?”

“ஏழு சென்மத்தயே எடுத்து வெச்சுட்டீங்க. ஒரு சித்திர மாசத்த வெக்கறதுக்கு என்னங்க?”

“அதெப்பிடி? என்ர மொளகா காஞ்சு போயிருமில்ல!”

பெரியதனக்காரர் மெல்லக் கேட்டார்:

“நீ சொன்னது நெசமுன்னா அது எப்பிடிப்பா காயும்?”

சுருட்டைச் சொல்லி என்னைக் கேலி செய்தவனே முதலில் சிரித்தான். பிறகு கூட்டம் முழுக்கச் சிரித்தது. அண்ணன்காரர் தட்டைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், ஈரவேட்டியைப் பிழிந்தார். பிழிய அதில் ஒன்றும் பாக்கி இல்லை. பிறகு திருநீறு மணக்க ஒரு வார்த்தை சொன்னார்.

“செரி. என்ர தம்பியோட ஆத்மா சாந்தியாகோணும். அதுக்காக நானே விட்டுக் குடுத்தர்றேன். முறைய அவளே வெச்சுக்கட்டும்.”

“பெரிய மனசுங்க” என்று இரண்டு பேர் சொன்னார்கள். சத்தியமாகச் சொன்னார்கள்! பொய் சொல்லிப் பிடித்துக்கொண்டதை, பிடிபட்ட பிறகு தானம் என்று திருப்பிக் கொடுத்தால், மேலே அதற்கும் ஒரு புண்ணியம் வரவு வைக்கிறார்கள் போலிருக்கிறது. கருப்பராயன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தால் சேதி எனக்கு முன்னால் வந்திருந்தது. “ஊட்டுல ஒரு வார்த்த கேக்காம கிணத்த எடுத்துப் பந்தயம் வெச்சுட்டு வர்றீங்களா?” என்றாள் என் மனைவி. “அங்கத்தான் ஊடில்லீன்னு பாத்தா, இங்கயும் இல்லாமப் பண்ணீருவீங்க போல இருக்குது.” சோறு மட்டும் வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாள். அத்தனையும் சாப்பிட்டேன்.

மறுநாள் விடியலில் சாலும் வடமும் கிணற்றடியில் இருந்தன.

அந்த மாதமே அண்ணன்காரர் பழனிக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். ஊர் முழுக்கப் பஞ்சாமிர்தம் கொடுத்தார். எனக்கும் ஒரு இலையில் கொண்டுவந்து நீட்டினார். அவர் தலை பளபளவென்று இருந்தது, முகமும் அப்படியே.

“என்ர பாவமெல்லாம் அங்கயே எறங்கிப்போச்சு. உன்ன நெனச்சாத்தான் பாவமா இருக்குது. நீ ஒண்ணு பண்ணிப்போட்டா அதக் கொண்டுபோயி எறக்கறதுக்கு உனக்கு ஒரு எடமே இல்லியே!”

ஏளனமாகத்தான் சொன்னார். ஆனால் நான் முடிந்துவைத்த வார்த்தைகளில் இதைப் போல இன்னொன்று இல்லை. எனக்கு எதிராகப் பேசியவர்களிலேயே உண்மையைப் பேசினவர் அவர் ஒருவர்தான், அது அவருக்கே தெரியாது. அந்தச் செடி காய்ந்திருந்தால், நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், தினம் அந்த வரப்பு வழியாகத்தான் நான் என் காட்டுக்குப் போக வேண்டும். அதை இறக்கிவைக்க எனக்கு மலை கிடையாது, மொட்டை கிடையாது, மறு ஜன்மம் கிடையாது. இந்த ஒன்றுதான் இருக்கிறது, இதில்தான் எல்லாம் ஆக வேண்டும். இதற்கு அர்த்தம் இல்லை என்கிறார்கள், கையில் ஏழு வைத்திருப்பவர்கள்.

பஞ்சாமிர்தம் நன்றாக இருந்தது. இலையை வழித்தே சாப்பிட்டேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் அவள் முறை. அவளே காளைகளை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். பெரிய பையன் மடை மாற்றிக்கொண்டு நின்றான். அன்று வாலில் கடி வாங்கிய காளை இப்போது ஒழுங்காக நடந்தது. நான் வரப்பில் போனபோது காளைகளை நிறுத்தினாள்.

“ஏனுங்கண்ணா, ஒண்ணு கேக்கோணும். செத்தப்புறம் நான் அவுங்களப் பாக்கவே மாட்டனுங்களா?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பட்டையும் கொட்டையும் கேட்டிருந்தால் பத்துப் பதில் வைத்திருந்தேன். என் சிநேகிதன் சிரிப்பு எனக்கும்தான் வேண்டியிருந்தது. வாயைத் துப்பிக்கொண்டே நடந்த அந்தச் சாயங்காலம் எனக்கும் திரும்ப வேண்டும். ஆனால் அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“பாக்கமாட்டீன்னுதான் எனக்குத் தோணுதும்முணி.”

அவள் கிணற்றுக்குள் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“உங்க சாட்சிய அன்னிக்கே தள்ளீட்டாங்கல்லங்க. நானும் தள்ளீர்றனுங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அதற்குள் கீழே இருந்து பையன், “ஆத்தா, தண்ணி நின்னுபோச்சு!” என்று கத்தினான். அவள் திரும்பிக் காளைகளை அதட்டிச் சரிவில் இறக்கினாள்.